கடாரத்தைப் பார்க்க பீடோங் வருகிறவருக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அடுத்த மாதம் பீடோங்கில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். ஜொகூரிலிருந்து அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகளோடு காரில் வருகிறீர்கள். கல்யாணத்துக்கு மறுநாள் முழுதாக ஒரு நாள் கையில் இருக்கிறது. "ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் அங்கேதானே? சோழர் கட்டிய கோயில்களைப் பிள்ளைகளுக்குக் காட்டணும். எங்கே போவது, எதை முதலில் பார்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரியில், அம்மா பிறந்தது இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான், பன்னிரண்டு வயதில் ஊரை விட்டுப் போனவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், அதாவது பழைய கடாரத்தில், பீடோங்கை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். வருடா வருடம் பிள்ளைகளை, கடாரத்தின் இடிபாடுகள் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போன பழக்கத்தில் சொல்கிறேன்: வருவதற்கு முன்பே பிள்ளைகளிடம் ஒன்றைப் பேசிவிடுங்கள். இங்கே தஞ்சாவூர் மாதிரி கோபுரம் கிடையாது. தூண் நிற்கும் மண்டபம் கிடையாது. முழங்கால் உயரமோ இடுப்பு உயரமோ உள்ள மேடைகளும், செங்கல் வரிசைகளும், செம்புரைக்கல் அடித்தளங்களும்தான் இருக்கின்றன. "சோழர் கோயில் எங்கே டீச்சர்?" என்று கேட்டு முகம் வாடிப்போன எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்துவிட்டேன். தப்பு பிள்ளைகள் மேல் இல்லை. அவர்களிடம் கதையைத் தவறான இடத்திலிருந்து ஆரம்பித்துவிட்டோம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது? மலையிலிருந்து. நீங்கள் நெடுஞ்சாலையில் சுங்கை பட்டாணியைத் தாண்டி வடக்கே வரும்போது இடது கைப்பக்கம் ஜெராய் மலை தெரியும். 1,217 மீட்டர் உயரம். சுற்றிலும் வயலும் செம்பனையுமாகச் சமதரை, நடுவில் அது மட்டும் தனியாக எழுந்து நிற்கும். வங்கக் கடலைத் தாண்டி வருகிற மாலுமிக்கு நிலம் கண்ணுக்குத் தெரியும் முன்பே இந்த மலை தெரிந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வரும். வந்தவர்கள் சரக்கை இறக்கி, ஏற்றி, வடகிழக்குக் காற்று திரும்பும் வரை மாதக்கணக்கில் இங்கேயே தங்க வேண்டும். தங்கினால் வீடு வேண்டும், தண்ணீர் வேண்டும், கும்பிட ஓர் இடம் வேண்டும். மலையடியில் மெர்போக் ஆறும், தெற்கே மூடா ஆறும் கடலில் சேர்கின்றன. அந்தக் காலத்தில் கடல் இப்போது இருப்பதைவிட உள்ளே வந்திருந்தது. இவ்வளவும் சேர்ந்துதான் இங்கே ஒரு துறைமுக நகரத்தை உண்டாக்கின. நகரம் என்றால் ஒரே மதிலுக்குள் அடங்கியது இல்லை. ஆற்றங்கரை நெடுகிலும் சிதறிக் கிடந்த துறைகள், பட்டறைகள், கோயில்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட கோயில் இடிபாடுகளை இந்தப் பள்ளத்தாக்கில் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

இதை நம் ஆட்கள் எவ்வளவு காலமாக அறிந்திருந்தார்கள் என்பதற்குப் பட்டினப்பாலையில் ஒரு சொல் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவில் குவிந்து கிடந்த பொருள்களைச் சொல்லும்போது 'காழகத்து ஆக்கம்' என்று வரும். காழகம் என்றால் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். சீனத் துறவி இட்சிங் 671இல் புறப்பட்டு இந்தியாவுக்குப் போகிற வழியில் கெடாவில் தங்கிவிட்டுத்தான் கப்பல் ஏறினார். அதற்கும் முன்னால், 5ஆம் நூற்றாண்டில், புத்தகுப்தன் என்ற மாநாவிகன், அதாவது பெரிய மாலுமி, தன் பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக் கல்லில் எழுதி வைத்தான். அந்தக் கல் நமக்குத் தெற்கே செபராங் பிறையில் 1834இல் கிடைத்தது. இப்போது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்து பல்லவர் காலத்துத் தென்னிந்திய எழுத்து, மொழி சமஸ்கிருதம்.

இப்போது ராஜேந்திரனுக்கு வருவோம். அவன் கடற்படை வந்தது 1025இல். மேலே சொன்னதையெல்லாம் வைத்துக் கணக்குப் போடுங்கள். அவன் வரும்போது இந்தத் துறைமுகத்துக்குப் பல நூற்றாண்டு வயது ஆகிவிட்டது. கோயில்களில் பல அதற்கு முன்பே எழுந்தவை. சோழன் வந்து கட்டினான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். அவன் மெய்க்கீர்த்தி, அதாவது வெற்றிகளைப் புகழ்ந்து சொல்லும் கல்வெட்டுப் பகுதி, தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டப்பட்டிருக்கிறது. அதில் ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம் என்று வரிசையாக ஊர்களைச் சொல்லி, கடைசியில் கடல் காவல் காக்கும் வலிமை மிக்க கடாரத்தில் வந்து முடியும். கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பிடித்ததாகவும் அதில் இருக்கிறது. 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம் அதனால் வந்தது.

ஆனால் எனக்குப் பிடித்த கதை அதற்கு இருபது வருடம் முந்தையது. கடாரத்து அரசன் ஸ்ரீமாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு புத்த விகாரம் கட்டினான். இங்கேயிருந்து அங்கே போய் ஒருவன் கட்டியிருக்கிறான்! அந்த விகாரத்துக்கு 1006இல் ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதி வைத்தான். அப்பா வாய்மொழியாகக் கொடுத்ததைச் செப்பேட்டில் பொறித்து உறுதிப்படுத்தியவன் யார் தெரியுமா? அதே ராஜேந்திரன். பிறகு அவனே கப்பற்படை அனுப்பினான். அந்தச் சண்டைக்கும் அப்புறம், 1090இல், கடாரத்துத் தூதர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்கக் குலோத்துங்கன் அந்த விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்குக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று சொல்கிறோமே, இந்தச் செய்தி எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. வெற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு இந்தப் போக்குவரத்தைச் சொல்லாமல் விட்டால், பிள்ளைகளுக்குக் கடாரம் தோற்ற ஊர் என்று மட்டும்தான் மனத்தில் நிற்கும். நாம் பிறந்து வளர்ந்த ஊரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சரி, வழிக்கு வருகிறேன்.

காலை எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். பீடோங் கடைவரிசையில் ரொட்டி சானாயோ நாசி லெமாக்கோ பசியாறிவிட்டு, செமிலிங் சாலையில் மேற்கே திரும்புங்கள். ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இந்தச் சாலையில்தான் இருக்கிறது, தவறவிட முடியாது. முதலில் சுங்கை பத்து தொல்லியல் வளாகத்துக்குப் போங்கள். பெரும்பாலானவர்கள் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டு, வெயில் உச்சிக்கு வந்த பிறகு சுங்கை பத்துக்கு வருவார்கள். நானும் ஒரு வருடம் அப்படித்தான் செய்தேன். பன்னிரண்டரை மணிக்கு நிழல் இல்லாத அந்தத் திறந்த வெளியில் நாற்பது பிள்ளைகளை நிறுத்தி வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். நாலாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாள். பஸ்ஸில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்து எழுப்பினோம். அதற்குப் பிறகு நான் காலை பத்து மணியைத் தாண்டி அங்கே நின்றதில்லை. உங்களோடு வயதானவர்கள் வருகிறார்கள். குடை, தொப்பி, தண்ணீர் மூன்றும் கட்டாயம்.

சுங்கை பத்தில் இருப்பது செம்பனைத் தோட்டத்துக்கு அடியிலிருந்து வெளிவந்த ஊர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், பேராசிரியர் மொக்தார் சைடின் தலைமையில், 2009இலிருந்து இங்கே தோண்டினார்கள். கிடைத்தவை கோயில்கள் மட்டும் அல்ல. இரும்பு உருக்கிய பட்டறைகள், குவியல் குவியலாக இரும்புக் கசடு, உலைக்குக் காற்று செலுத்திய களிமண் ஊதுகுழல்கள், ஆற்றங்கரையில் செங்கல்லால் கட்டிய படகுத்துறைகள். இப்போது அந்த ஆறு அங்கே இல்லை. வழி மாறித் தூர்ந்துவிட்டது. காய்ந்த தரையில் ஒரு படகுத்துறை நிற்பதைப் பார்க்கும்போது பிள்ளைகள் தாங்களாகவே கேட்பார்கள், "தண்ணி எங்கே?" என்று. அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வட்ட மேடை ஒன்று இருக்கிறது, அதன் மேல் சதுரம். ஏதோ சடங்குக்கு உரிய இடம் என்கிறார்கள். அதன் காலத்தை முதலில் கி.பி. 2ஆம் நூற்றாண்டை ஒட்டி என்று அறிவித்தார்கள். அப்புறம் இந்த வளாகத்தின் சில பகுதிகளுக்குக் கி.மு. கணக்கும் சொன்னார்கள். அதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிற பெரிய பெரிய ஆண்டுக் கணக்குகளை நம்பி அங்கே போய்ப் பிள்ளைகளிடம் அடித்துச் சொல்ல வேண்டாம். வயதைக் கூட்டிச் சொன்னால்தான் பெருமை என்று எதுவும் இல்லை. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவன் உட்கார்ந்து துருத்தி ஊதிய இடத்தில் நிற்கிறோம், அது போதும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் தோட்டத்தில் பால்மரங்களை அழித்துச் செம்பனை நட ஆரம்பித்தார்கள். மண்தள்ளி வண்டி புரட்டிப் போட்ட மண்ணில் பழைய செங்கற்கள் வந்தன. நாம் கடையில் வாங்குவது மாதிரி இல்லை. பெரிதாக, தட்டையாக, சூட்டில் கறுத்தது போல் இருக்கும். லயத்துப் பெண்கள், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருந்தவர்கள், அவற்றை எடுத்து வந்து வெந்நீர் அடுப்புக்குக் கல்லாக வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலும் மூன்று இருந்தன. அவை வெள்ளைக்காரன் காலத்துப் புகைக்கூண்டுக் கல் என்று அப்பா சொன்னார். பல வருடம் கழித்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் அதே மாதிரிச் செங்கல்லைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. அவை அதே காலத்துக் கற்கள்தானா என்று என்னால் நிரூபிக்க முடியாது. லயமும் போய்விட்டது, அடுப்பும் போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கை நான் சுற்றுலா இடமாகப் பார்ப்பதில்லை.

பத்து மணி போல மெர்போக் பக்கம் கிளம்புங்கள். பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் புக்கிட் பத்து பஹாட் அடிவாரத்தில், மரநிழலில் இருக்கிறது. 1980இல் திறந்தது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் ஜொகூர் 2025 தொடக்கத்தில் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதால் சொல்கிறேன். உங்கள் நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தால் மதியத் தொழுகை நேரத்தை ஒட்டிப் போக வேண்டாம். சுங்கை பத்து, அருங்காட்சியகம் இரண்டுக்குமே முதல் நாள் போன் போட்டுத் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பராமரிப்பு வேலைக்காக மூடுகிற நாட்கள் உண்டு.

உள்ளே காட்சிக்கூடத்தில் நிறைய நேரம் செலவழிக்க வேண்டாம், அரை மணி போதும். மூன்று பொருள்களை மட்டும் தேடிப் பாருங்கள். ஒன்று, மணிகள்: கண்ணாடியிலும் கல்லிலும் செய்த குட்டிக் குட்டி மணிகள். தெற்கே சுங்கை மாஸ் என்ற இடத்தில் மணி செய்யும் தொழிலே நடந்திருக்கிறது. இரண்டு, உடைந்த பீங்கான். சீனத்துச் சோங் காலத்துப் பாத்திரங்களும், மேற்காசியாவிலிருந்து வந்த கண்ணாடித் துண்டுகளும் பெங்காலான் பூஜாங்கில் ஏராளமாகக் கிடைத்தன. பெங்காலான் என்றால் மலாயில் படகுத்துறை, ஊர்ப் பெயரே சொல்லிவிடுகிறது. மூன்றாவது, குழிகள் வெட்டிய சின்னக் கல்பெட்டி. இதைப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். கோயில் கட்டத் தொடங்கும்போது கருவறைக்கு அடியில் பொன், வெள்ளி, மணிக்கற்கள் வைத்துப் புதைப்பார்களே, அதற்கான பெட்டி. நம் ஊரில் இன்றைக்கும் அடிக்கல் நாட்டும்போது நவரத்தினமும் பஞ்சலோகமும் வைக்கிறோம். பாட்டியும் தாத்தாவும் பக்கத்திலேயே இருக்கிறார்கள், அவர்களையே விளக்கச் சொல்லுங்கள். நம் வீட்டுச் சடங்கு தெரிந்தவர்களுக்கு அந்தப் பெட்டியைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிடும்.

அப்புறம் வெளியே வந்து மலைச்சரிவில் படியேறுங்கள். வழியில் மூன்று கோயில் அடித்தளங்களைப் பார்ப்பீர்கள்: பெண்டியாட், பெங்காலான் பூஜாங், பெண்டாங் டாலாம். இவை வேறு இடங்களில் இருந்தவை. கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே அடுக்கியிருக்கிறார்கள். மேலே இருக்கும் சண்டி புக்கிட் பத்து பஹாட் மட்டும் அதன் சொந்த இடத்திலேயே நிற்கிறது. சண்டி என்றால் மலாயில் பழங்காலக் கோயில். 1936-37இல் ஆங்கிலேய ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸும் அவர் மனைவியும் இங்கே தோண்டினார்கள். பிறகு அலஸ்டேர் லேம்ப் 1959-60இல் மறுபடி ஆராய்ந்து, அடித்தளத்தைச் சீர்படுத்தி நிறுத்தினார். எட்டாவது தலம் என்று ஆய்வுக் கட்டுரைகளில் வருவது இதுதான்.

படிகளில் உங்கள் அப்பா, அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். மழை பெய்திருந்தால் வழுக்கும், அட்டையும் இருக்கும். நின்று நின்று ஏறலாம்.

மேலே போனதும் கிழக்குப் பக்கம் போய் நின்று பாருங்கள். முன்னால் மண்டபம், பின்னால் கருவறை மேடை. நமக்குத் தெரிந்த அமைப்புத்தான். அபிஷேகத் தண்ணீர் வெளியே போகக் கல்லில் வழி விட்டிருப்பதைத் தேடச் சொல்லுங்கள், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். மண்டபத் தரையில் வரிசையாகக் கற்கள் பதிந்திருக்கும், ஒவ்வொன்றும் ஒரு மரத்தூண் நின்ற இடம். கூரையும் மரத்தால்தான் ஆனது. இந்த ஊர் மழைக்கும் கறையானுக்கும் மரம் எத்தனை காலம் தாங்கும்? மேல்பகுதி முழுக்க மண்ணோடு மண்ணாகிவிட்டது. தமிழ்நாட்டில் கருங்கல்லில் எழுப்பினார்கள், கோபுரம் மிஞ்சியது. இங்கே கையில் கிடைத்த ஆற்றுக்கல்லும் செம்புரைக்கல்லும் அடியில், காட்டு மரம் மேலே.

இந்த இடத்தில் நான் பிள்ளைகளிடம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலைப் பற்றிச் சொல்வேன். எங்கள் பாட்டனார்கள் கப்பலில் வந்து இறங்கி, காட்டை அழித்து, லயத்தில் குடியேறிய உடனே ஒரு மரத்தடியில் கல்லை வைத்துக் கும்பிட்டார்கள். அடுத்து நான்கு கம்பம், அத்தாப்புக் கூரை. கங்காணி காசு சேர்த்துத் தகரம் போட்டார். சிமெண்டுத் தரை வந்தது. தோட்டத்தை விற்றார்கள், ஆட்கள் சுங்கை பட்டாணிக்கும் பட்டர்வொர்த்துக்கும் பிரிந்து போனார்கள், கூரை விழுந்தது. நான் கடைசியாகப் போய்ப் பார்த்தபோது செம்பனைக்கு நடுவில் சிமெண்டு மேடையும் தண்ணீர் போகும் காடியும் மட்டும் இருந்தன. புக்கிட் பத்து பஹாட் மேடையைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வரும். அதைக் கட்டியவர்களும் கடல் தாண்டி வந்தவர்களிடம் கேட்டறிந்து, தங்கள் மழைக்கும் தங்கள் மரத்துக்கும் ஏற்றபடி கட்டிக்கொண்டவர்கள். அவர்களில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர், வந்தவர் எத்தனை பேர் என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. இந்துக் கோயிலும் புத்தத் தலமும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்திருக்கின்றன. இவ்வளவு பேர் கலந்து வாழ்ந்த ஊரை ஒரே இனத்தின் பெயரில் எழுதிவைக்க வேண்டியதில்லை. அதே சமயம், நம் முன்னோர்களுக்கு இங்கே பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க வேண்டியதில்லை.

கற்பூரம் ஏற்றலாமா என்று அம்மா கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். எண்ணெயும் புகையும் கல்லில் இறங்கினால் போகாது. மேடை மேல் ஏறி நிற்பதும் கூடாது. கை கூப்பிக் கும்பிடுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. நானும் ஒவ்வொரு முறையும் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன்.

இறங்கும் வழியில் பக்கத்து ஓடையைப் பார்க்க மறக்காதீர்கள். பத்து பஹாட் என்றால் உளியால் செதுக்கிய கல். ஓடைப் பாறைகளில் கல் வெட்டி எடுத்த தடங்கள் தெரியும், மலைக்குப் பெயர் வந்ததே அதனால்தான் என்பார்கள். பிள்ளைகள் கால் நனைத்து விளையாடலாம். எங்கள் மாணவர்களுக்கு இந்தப் பயணத்தில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். 2013 கடைசியில், சுங்கை பத்துப் பக்கம் சண்டி 11 என்று பதிவாகியிருந்த கோயில் அடித்தளம் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளியே வந்தது. நாடு முழுக்க எல்லா இனத்தவரும் கோபப்பட்டார்கள். நிலம் தனியாருடையது, அந்த இடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் முறையாக அறிவிக்கப்பட்டிருக்கவில்லை. ஆய்வாளர்கள் எண் போட்டு எழுதிவைத்த இடத்துக்கே இந்தக் கதி என்றால், எண் போடாமல் செம்பனைக்கு அடியில் கிடப்பவற்றை நினைத்துப் பாருங்கள். அந்த வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமே வரவில்லை. அதனால்தான் கேட்கிறேன், அருங்காட்சியகத்தின் வருகைப் பதிவேட்டில் உங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியாக எழுதுங்கள். ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் ஓர் இடத்தைக் கவனிப்பார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு மெர்போக்கிலோ பீடோங்கிலோ நிறுத்துங்கள். அதற்கு மேல் வயதானவர்களை இழுத்தடிக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பிள்ளைகளுக்கு இன்னும் தெம்பு இருந்தால், தெற்கே கோத்தா கோலா மூடாவுக்குப் போகலாம். படகுகள் திரும்பும் நேரத்தில் மீன் ஏலம் நடக்கும். விலையைக் காதோடு காதாகக் கிசுகிசுத்துச் சொல்கிற சந்தை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கியது, அதன் நினைவிடமும் அங்கே இருக்கிறது. ஜெராய் மலைக்கு குரூணிலிருந்து சாலை ஏறுகிறது. மலையுச்சியிலும் ஓர் இடிபாட்டைக் கண்டிருக்கிறார்கள் என்றாலும், ஒரே நாளில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். ஜொகூர் திரும்பும் நாளில் புக்கிட் மெர்தாஜாமில் செயிண்ட் ஆன் தேவாலயத்துப் பக்கம் செரோக் தோகுன் பாறைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுப் போகலாம். 1845இல் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கில அதிகாரி பதிவு செய்தது. நெடுஞ்சாலையிலிருந்து அதிக தூரம் இல்லை.

இனி அம்மாவைப் பற்றி. அவர் பிறந்த தோட்டத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் தனி வரலாறு உண்டு. ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை 1947இல் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றது. பீடோங் கடைத்தெருவில் போலீசோடு மோதலும் நடந்தது. அதைச் சொல்ல அருங்காட்சியகமோ பலகையோ கிடையாது. உங்கள் அம்மா தன் அப்பா வாயால் அதைக் கேட்டிருக்கவும் கூடும். ஆகவே, காலையில் பீடோங்கிலிருந்து கிளம்பும்போது அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். ஜிபிஎஸ் சத்தத்தைக் குறைத்துவிடுங்கள். தோட்டத்து மண்சாலை தெரிந்தால் அவரே நிறுத்தச் சொல்வார். இறங்கி, லயம் எந்தப் பக்கம், பெரட்டு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது, எங்கே நடந்தது, கோயில் எங்கே இருந்தது என்று கேளுங்கள். பிள்ளைகள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, பாட்டி சொல்லச் சொல்ல வரைபடம் போடச் சொல்லுங்கள். சுங்கை பத்து எட்டு நிமிடம் தாமதமானாலும் பரவாயில்லை, அங்கே வெயில் பத்து மணிக்குத்தான் ஏறும்.